புறக்கடைக் கோழிகளில் ஜாதி அறிதலும் சேவல் வைத்தலும்

கிராமங்களில் கோழியில்லாத வீடு அரிது. ஆயினும், தம் வீட்டுச் சேவல் எந்த ஜாதியைச் சேர்ந்தது, எந்தப் பெட்டையின் முட்டையில் பொரித்தது, அதற்கு வயது என்ன என்று கேட்டால் தயங்காது விடை கூறக்கூடிய குடியானவர் மிகச் சிலரே. உழவு மாடு வாங்கப் புகுந்தால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடையையும் குளம்பையும் சோதித்து, பத்துப் பேரிடம் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுப்பவர், சேவல் விஷயத்தில் யாதொரு சோதனையும் செய்வதில்லை. கூவுகின்றதா, அது போதும் என்று விட்டுவிடுகின்றார்.

அதன் பலன் யாதென்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் 10 பெட்டைகளும் 1 சேவலும் இருப்பதாகவும், ஒவ்வொரு பெட்டையும் ஆண்டில் இருமுறை அடையில் அமர்ந்து, தடவைக்கு 10 குஞ்சுகள் பொரிப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஆண்டில் 200 குஞ்சுகளாகின்றன. பெட்டைகளில் ஒன்று மட்டமானதாயின் அதன் குற்றம் 20 குஞ்சுகளோடு நின்றுவிடும். சேவல் மட்டமானதாயின் அதன் குற்றம் 200 குஞ்சுகளிலும் பாதிப் பங்கு புகுந்துவிடும். மந்தையில் பாதி சேவலே என்று கோழி வளர்ப்போர் கூறுவது இதனாலேயே.

நம் கிராமங்களில் நடப்பதோ இதற்கு நேர் மாறானது. ஆடி மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் கோழி வியாபாரி தெருவில் வருங்கால், அவர் கை முதலில் செல்வது மந்தையில் மிகப் பெரிய இளஞ்சேவலின் மீதே. குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்ளும்போதும் நல்லதாகப் பார்த்தே நேர்கின்றனர். உறவினர் வந்தால் கறிக்குப் பிடிபடுவதும் கொழுத்ததே. இவ்வாறு விரைந்து வளர்ந்தவை யாவும் ஒவ்வொன்றாக வெளியேறிய பின்னர், எடை போதாதென்று வியாபாரி தள்ளிய நோஞ்சான் ஒன்று எஞ்சி நிற்கும். அதுவே அடுத்த ஆண்டு மந்தைக்குத் தகப்பனாகின்றது. கத்திக்குத் தப்பியதே அதன் யோக்கியதை. இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நடந்துவிட்டால், கோழிகள் ஏன் வரவரச் சிறுத்துப்போகின்றன என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. தீனியையும் நோயையும் குறை கூறுவதற்கு முன் இந்த ஒரு வழக்கத்தைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

ஜாதி அறியும் அடையாளங்கள்

புறக்கடையில் மேயும் கோழிகளில் மிகப் பெரும்பாலானவை எந்த ஜாதியையும் சேராத கலப்புகள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெருவிடை, சிறுவிடை என்று நாம் வழங்கும் பெயர்கள் உடலளவைக் குறிப்பனவேயன்றி, ஜாதியைக் குறிப்பன அல்ல. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி, தலையில் இறகுக் குடுமியுள்ள கொண்டைக் கோழி, குட்டைக்கால் கோழி ஆகியவையும் ஒவ்வோர் அங்க அடையாளத்தால் பெயர் பெற்றவையே. ஓர் அடையாளம் பிள்ளைக்குப் பிள்ளை இறங்குவதனால் மற்றக் குணங்களும் உடன் இறங்கும் என்று எண்ணலாகாது.

குட்டைக்காலைப் பற்றி இங்கு ஒன்று கூறுதல் தகும். அயல்நாடுகளில் ஆராயப்பட்ட குட்டைக்கால் ஜாதிகளில், தாய் தந்தை இரண்டும் குட்டைக்காலாயிருப்பின், கருக்களில் நாலில் ஒரு பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துபடுகின்றது. ஆகையால் குட்டைக்கால் பெட்டை வைத்திருப்போர் நெடுங்கால் சேவலையே சேர்ப்பது நலம்.

ஜாதியைத் தெரிந்துகொள்ள இறகின் நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஆனால் எல்லோரும் அதனையே முதலில் பார்த்து ஏமாறுகின்றனர். வெள்ளை லெகார்ன் ஜாதியின் வெண்மை மற்ற நிறங்களை அடக்கி நிற்கும் இயல்புடையது. ஒரு லெகார்ன் சேவலை நிறமுள்ள நாட்டுப் பெட்டைகளுடன் சேர்த்தால், குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும்; அங்குமிங்கும் சில கரும்புள்ளிகள் மட்டும் தோன்றலாம். அக்குஞ்சுகளில் லெகார்ன் இரத்தம் பாதியே. அவற்றில் ஒரு சேவலைச் சந்தைக்குக் கொண்டுவந்து சுத்த லெகார்ன் என்று கூறினால், நிறத்தை மட்டும் பார்ப்பவர் நம்பி வாங்கிவிடுவார். அப்படிப்பட்ட சேவலின் சந்ததியில் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று பலவாறாகப் பிறக்கும்போதுதான் ஏமாந்தது தெரியவரும். ஆகவே கொண்டை, காதுமடல், கால் நிறம், உடலமைப்பு, முட்டையின் நிறம் ஆகியவை யாவும் ஒருங்கே ஒத்திருந்தாலன்றி ஒரு பறவையை ஜாதிக்கோழி என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

வெள்ளை லெகார்ன் இத்தாலியிலுள்ள லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வழங்குவது. பல பற்களுள்ள பெரிய ஒற்றைக் கொண்டை, வெண்மையான காதுமடல், மஞ்சள் கால், இலேசான உடல் ஆகியவை இதன் அடையாளங்கள். சேவல் ஏறக்குறைய 2.7 கிலோவும் பெட்டை 2 கிலோவும் இருக்கும். வெள்ளை ஓடுள்ள முட்டைகளை ஏராளமாக இடும். அடையில் அமர்வது மிக அரிது. இக்கடைசிக் குணத்தைக் குடியானவர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். முட்டை பொரிக்கும் யந்திரம் இல்லாத வீட்டில் அடைகாக்கும் தாய்க்கோழியே யந்திரமாகும். லெகார்ன் இரத்தம் மிகுந்துகொண்டே போனால் அந்த யந்திரம் நின்றுவிடும். இதன் நிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதிற் படுவது மற்றொரு குறை.

ரோட் ஐலண்ட் ரெட் அமெரிக்காவில் அப்பெயருள்ள மாகாணத்தில் உண்டாக்கப்பட்டு, 1904-ல் அந்நாட்டு ஜாதிப் பட்டியலில் ஏற்கப்பட்டது. ஆழ்ந்த சிவப்பு இறகு, கறுத்த வால், சிவந்த காதுமடல், மஞ்சள் கால், செங்கல்லைப் போல் நீண்டு சதுரித்த உடல் ஆகியவற்றால் இதனை அறியலாம். சேவல் 3.8 கிலோ வரை நிறுக்கும். முட்டை பழுப்பு நிறமுடையது. இதனை உண்டாக்கியவர்கள் ஆசியாவிலிருந்து சென்ற மலாய்ச் சேவல்களையும் சேர்த்திருக்கின்றனர். வரியுள்ள பிளிமத் ராக் என்பதும் அமெரிக்க ஜாதியே. கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும் கோடுகளால் தொலைவிலிருந்தே தெரியும். இதன் பெட்டைகளுக்கு ரோட் ஐலண்ட் சேவலைச் சேர்த்தால், பிறக்கும் கரிய குஞ்சுகளில் தலையில் வெண்புள்ளியுள்ளவை சேவல், புள்ளியில்லாதவை பெட்டை என்று பொரித்த அன்றே பிரித்துவிடலாம். சேவலையும் பெட்டையையும் மாற்றிச் சேர்த்தால் இந்த உபாயம் பலிக்காது. கரிய நிறமும் பெரிய வெண்காதுமடலும் உள்ள மினார்க்கா, வெள்ளை உடலும் கறுத்த கழுத்து வரிகளும் உள்ள லைட் சஸ்ஸெக்ஸ் ஆகியவை நம் பக்கத்தில் அபூர்வம்.

நம் நாட்டு ஜாதிகளில் தலைசிறந்தது அசீல். நிமிர்ந்த நெடிய உடல், நீண்ட கழுத்து, தடித்த குறுகிய அலகு, தலையோடு ஒட்டிய சிறிய பட்டாணிக் கொண்டை, இருக்கின்றதோ இல்லையோ என்னும் அளவிற்குச் சிறுத்த தாடி, ஒன்றுக்கொன்று விலகி ஊன்றிய வலிய கால்கள், உடலோடு இறுகப் படிந்த இறகு ஆகியவை இதன் இலக்கணம். சேவல் 4 முதல் 5 கிலோ வரையிலும், பெட்டை 3 முதல் 4 கிலோ வரையிலும் இருக்கும். நிறத்தைக் கொண்டு யாகூத், நூரி, காகர், பீலா முதலிய பெயர்கள் வடநாட்டில் வழங்குகின்றன. முட்டை குறைவு, ஆயின் அடைகாப்பதிலும், குஞ்சைப் பருந்தினின்று காப்பதிலும் அசீல் பெட்டைக்கு நிகர் இல்லை. இதனைச் சண்டைக்கு மட்டும் உரியதென்று எண்ணி ஒதுக்குவது பிழை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அசீலையும் மலாயையும் கொண்டு உண்டாக்கிய கார்னிஷ் ஜாதியே, இன்று உலகெங்கும் விற்கும் கறிக்கோழிக்கு மூதாதை. நம் சேவல் அங்கு சென்று கறிக்கோழிக்கு மார்பகலம் தந்தது. இங்கோ அது சூதாட்டக்காரர் கையில் சிக்கிக்கொண்டது. விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவதை 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கின்றது.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் எனப்படும் கருங்கால் கோழிக்குத் தோல், தசை, எலும்பு யாவும் கறுத்திருக்கும். காலும் இறகும் மட்டும் கறுத்திருப்பதைக் கண்டு கடக்நாத் விலை கொடுத்து வாங்குவோர் பலர். வாயைத் திறந்து நாக்கின் நிறத்தையும், இறகை ஒதுக்கித் தோலின் நிறத்தையும் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

தெருவில் கூடையில் விற்கும் குஞ்சுகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. பச்சை, ரோஜா நிறச் சாயமேற்றி மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று கழித்த சேவல் குஞ்சுகளே. இருபது வாங்கினால் பிழைத்தவை எல்லாம் சேவலாக நிற்கும். வனராஜா, கிரிராஜா முதலிய புறக்கடை வளர்ப்பிற்கான கலப்பினங்கள் முட்டைக்கும் கறிக்கும் நல்லவையே; எனினும் அவற்றின் சேவலை இனவிருத்திக்கு வைத்தால் குஞ்சுகள் தாய் தந்தையரை ஒத்திரா. அவற்றை ஒவ்வொரு முறையும் உண்டாக்கிய நிலையத்திலிருந்தே புதிதாக வாங்க வேண்டும்.

சேவலைத் தேர்ந்தெடுத்தல்

சேவல் முட்டையிடுவதில்லையாதலால், அது தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் முட்டைக் குணத்தை அதன் உடலில் காண இயலாது. அதன் தாயிடமும் உடன்பிறந்த பெட்டைகளிடமுமே காண வேண்டும். நாட்டுப் பெட்டை ஆண்டில் ஏறக்குறைய 60 முதல் 80 முட்டையிடும். ஒரே தீனியில் ஒரே முற்றத்தில் மேய்ந்தாலும் ஒன்றுக்கொன்று பெரும் பேதம் உண்டு. எந்தக் கோழி தடவைக்கு எத்தனை முட்டையிட்டது, பொரித்த பத்தில் எத்தனைக் குஞ்சுகளைப் பருந்திற்கும் கீரிக்கும் கொடாமல் வளர்த்தது என்பன வீட்டுப் பெண்களுக்கே நன்கு தெரியும். சேவலுக்கு விலை பேசுபவர்களோ ஆண்கள். பேசுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நஷ்டத்தைத் தவிர்க்கும்.

மிகச் சிறந்த இரண்டு பெட்டைகளின் முட்டைகளில் பென்சிலால் குறியிட்டு ஒரே அடைக்கோழியின் கீழ் வைத்து, பொரித்த குஞ்சுகளின் காலில் வர்ண நூல் கட்டுக. குஞ்சுகள் வளருங்கால் நூல் காலை இறுக்காதபடி அவ்வப்போது தளர்த்திக் கட்ட வேண்டும். எட்டு வாரமானதும் அவற்றுள் சேவல்களை நிறுத்து, அதிக எடையுள்ள மூன்றை ஒதுக்குக. ஐந்து ஆறு மாதத்தில் அவற்றினின்று இரண்டைத் தெரிந்து, ஒன்றை மந்தைக்கும் மற்றொன்றைக் கைகாவலுக்கும் வைத்து, இவை விற்பனைக்கல்ல என்று வீட்டில் யாவருக்கும் கூறிவிடுக. இதனை வியாபாரி வருமுன் செய்ய வேண்டும். வந்து விலை சொன்ன பின்னர் மனம் நிற்பதில்லை.

தெரிந்தெடுக்கும்போது பறவையைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். கண்கள் இரண்டும் ஒரே நிறமாய்ப் பிரகாசமாயிருத்தல், அலகு கோணாதிருத்தல், முதுகு அகன்றிருத்தல், நெஞ்செலும்பு வளையாது நேராயிருத்தல், முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டாமை, விரல்கள் நேராக ஊன்றுதல் ஆகியவை முக்கியம். வயதை ஒருவாறு கால் முள்ளைக் கொண்டு அறியலாம். ஓராண்டில் அது ஏறக்குறைய அரை அங்குலமும், இரண்டாண்டில் ஓர் அங்குலமுமாகி மேல்நோக்கி வளையத் தொடங்கும். எட்டு மாதத்திற்கு முன் சேவலை இனவிருத்திக்கு விடுவதும், மூன்றாண்டிற்குமேல் வைத்திருப்பதும் தகாது. மனிதர் மேல், சிறப்பாகக் குழந்தைகள் மேல், பாயும் சேவல் எவ்வளவு அழகாயிருப்பினும் வேண்டாம். அந்தக் குணம் சந்ததிக்கும் இறங்கக் கூடியது. முள் குழந்தையின் கண்ணுக்கு நேரே வருவது.

எத்தனைச் சேவல், எந்தக் காலம்

இலேசான ஜாதிகளில் 12 முதல் 15 பெட்டைகளுக்கும், அசீல் முதலிய கனத்த ஜாதிகளில் 8 முதல் 10 பெட்டைகளுக்கும் ஒரு சேவல் போதும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் மிகுதி என்று அறிக. இரண்டு சேவல்கள் ஒரு முற்றத்தில் இருந்தால், ஒன்று பெட்டையை நெருங்கும்போதெல்லாம் மற்றொன்று தடுப்பதால் கூமுட்டைகள் பெருகும். நல்ல சேவல் தீனியைக் கண்டால் தான் தின்னாது பெட்டைகளைக் கூவி அழைக்கும். அது பார்க்க அழகுதான். ஆயினும் அடைவைக்கும் பருவத்தில் அச்சேவல் மெலிந்துபோகும். மாலையில் அதனைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து ஒரு கைப்பிடி கம்போ சோளமோ கொடுத்து வர வேண்டும்.

சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடாது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறு. பெட்டை சேவலின்றியே முட்டையிடும். சேவல் வேண்டுவது குஞ்சு பொரிக்கும் முட்டைக்கு மட்டுமே. உண்பதற்கும் விற்பதற்கும் கருவற்ற முட்டையே மேல். கருவுள்ள முட்டை 20 அல்லது 21 டிகிரி சென்டிகிரேடுக்குமேல் சூடுள்ள இடத்தில் இருந்தால் கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் சித்திரை மாதத்துத் தாழ்வாரத்துச் சூட்டில் மூன்று நான்கு நாட்களிலேயே உள்ளே இரத்தக் கோடு தோன்றி முட்டை கெடும். கருவற்ற முட்டையில் கெடுவதற்கு அந்த விதை இல்லை. உணவுச் சத்தில் இரண்டிற்கும் வித்தியாசமில்லை. அமெரிக்காவின் மிஸ்ஸௌரி முதலிய மாகாணங்களில் 1910-களில் கோடை தொடங்குமுன் சேவல்களை எல்லாம் விற்றுவிடுவதற்கென்றே ஒரு நாளைக் குறிப்பிட்டுப் பிரசாரம் செய்தது இதன் பொருட்டே.

நம் பகுதிக்குத் தகுந்த முறை இது. மழை விட்ட கார்த்திகை முதல் மாசி முடிய அடைவைக்கும் காலம். அப்போது சேவலை மந்தையோடு விடுக. மாசி கழிந்ததும் தெரிந்தெடுத்த சேவலைப் பிரித்து வைத்து, மற்றச் சேவல்களை விற்றுவிடுக. பெட்டையின் வயிற்றில் சேவலின் வித்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். ஆகவே பிரித்த மூன்று வாரத்திற்குப் பின்னரே முட்டைகள் முற்றும் கருவற்றவையாகும். ஒரு சேவலை மாற்றி வேறு சேவல் விட்டாலும், மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளையே புதிய சேவலின் முட்டைகள் என்று கொள்ள வேண்டும். அடைக்கு வைக்கும் முட்டைகள் குளிர்காலத்தில் 7 நாட்களுக்கும், வெயில் ஏறிய பின் 3 அல்லது 4 நாட்களுக்கும் மேற்பட்டவையாயிருக்கலாகாது.

கிராமத்தார் செய்ய வேண்டியது

மேற்கூறியவை யாவும் ஒருவர் வேலிக்குள் மட்டும் செய்தால் பாதியே பலிக்கும். கோழி வேலி பார்த்து மேய்வதில்லை. ஒருவர் நல்ல சேவல் வைத்திருக்க, பக்கத்து வீட்டு நோஞ்சான் ஐந்தாறு வந்து அவர் பெட்டைகளோடு கூடிவிடும். ஆதலால் இது தனி வீட்டுக் காரியமன்று, தெருவின் காரியம். கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் முன்னின்று, தெருவிற்கு இன்னின்ன வீட்டுச் சேவல்கள் இருக்க வேண்டுமென்று நிச்சயித்து, ஏனையவற்றை மாசி மாதத்திற்குள் விற்றுவிடச் செய்தால் ஈராண்டில் பயன் தெரியும். சேவல் வளர்க்கும் வீட்டாருக்கு மற்றவர்கள் தானியமாகவோ அடை முட்டையாகவோ சிறிது கொடுப்பது நியாயம். முன்னர் திருவிதாங்கூரிலிருந்து, 1956-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மார்த்தாண்டம் பகுதியில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தாரின் கிராமப் புனருத்தாரண நிலையம் 1920-களிலும் 1930-களிலும் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் மேற்பார்வையில் கோழி அபிவிருத்தியையும் கூட்டுறவு முட்டை விற்பனையையும் இவ்வாறே ஊரார் கூட்டு முயற்சியாக நடத்திற்று.

எந்தச் சேவல் வைப்பது என்னும் கேள்விக்கு ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது. பட்டணத்திற்கு முட்டை அனுப்ப வசதியும் பொரிப்பு யந்திரமும் உள்ளவர் அயல் ஜாதிச் சேவலைத் தலைமுறைதோறும் சேர்த்து வரலாம். முதல் தலைமுறையில் அரை, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் எட்டில் ஏழு என்று அந்த இரத்தம் ஏறும். வெறுமனே மேயவிட்டு வளர்ப்பவர், தம் நாட்டுப் பெட்டைகளுக்கு ரோட் ஐலண்ட் சேவலை ஒரு தலைமுறை மட்டும் சேர்த்து நிறுத்திக்கொள்வதோ, அல்லது தம் மந்தையிலேயே நன்கு தெரிந்தெடுத்த பெருவிடைச் சேவலைக் கொள்வதோ உசிதம். முதல் தலைமுறைக் கலப்பில் பிறந்த சேவலை மட்டும் எக்காரணத்தாலும் தகப்பனாக வைக்க வேண்டாம். தன் மகளோடு சேவல் கூடாதபடி, ஈராண்டிற்கு ஒருமுறை வேறு ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

மாற்றிக் கொண்டுவந்த சேவலை அன்றே மந்தையில் விட்டுவிடக் கூடாது. குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வெள்ளைக்கழிச்சல் நோய், வெளியிலிருந்து வரும் ஒரு பறவையாலேயே ஒரு தெரு முழுவதையும் சூறையாடவல்லது. 21 நாள் தனிக் கூண்டில், காற்று வீசும் திசையில் மந்தைக்கு அப்பால் வைத்து, எச்சத்தையும் இரையுண்பதையும் கவனிக்க. இறகின் அடியில் பேன், உண்ணி உண்டா என்று பார்த்து நீக்குக. மந்தைக் கோழிகளுக்குக் குஞ்சாயிருக்கும்போது 7-ஆம் நாளில் கண்ணில் விடும் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டிருக்க வேண்டும். புதுச்சேவலுக்கு ஊசி போட்டதா என்று தெரியாவிடில் தனிக் கூண்டிலிருக்கும்போதே போட்டு, மூன்று வாரம் கழிந்தபின் ஒரு மாலை, கோழிகள் அடைந்த பிறகு, இருட்டில் அதனைப் பெட்டைகளின் நடுவே கூட்டில் விடுக. விடியும்போது அவை ஒன்றையொன்று அறிந்தவைபோல் இறங்கிவரும்; பகலில் விட்டால் உண்டாகும் கொத்தலும் துரத்தலும் பெரும்பாலும் நேரா.